புள்ளிக்கு முன்னால் ஒரு ஆள்

தேர்வு ஹால் டிக்கெட்டில் எல்லாம் வந்தது, இனிஷியலைத் தவிர. பன்னிரண்டு மணிக்குள் அச்சுக்குப் போகாவிட்டால் நாளை பிள்ளைகள் வாசலிலேயே நிற்பார்கள். மாணவரின் விவரங்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கும் பூங்கொடியின் புரோகிராம், ‘தந்தை.பெயர்’ என்றொரு விவரமே இல்லை என்று சாதித்தது.

"அப்பா பேரு கண்ணு முன்னாடி இருக்கு, இல்லைங்குதே சனியன்!" என்றாள்.

பக்கத்து மேசை தாவூத் எட்டிப் பார்த்தான். "புள்ளிக்கு முன்னாடி நிக்கறது தனி ஆளு, மகராசி. பிள்ளைகிட்ட அப்பாவைக் கேளு. அப்புறம் அப்பாகிட்ட பேரைக் கேளு."

புள்ளியில் வெட்டி, இரண்டு தடவையாகக் கேட்கும்படி புரோகிராமை மாற்றினாள். இனிஷியல்கள் மளமளவென்று வந்தன. நானூற்றுப் பதினோராவது மாணவிக்குத் தந்தையே இல்லை. புரோகிராம் மறுபடி முரண்டு பிடித்து நின்றது. தலையில் அடித்துக்கொண்டு இன்னொரு வரி சேர்த்தாள்: தந்தை இல்லையென்றால் தாயிடம் கேள்.