புள்ளிக்கோழி வாங்காத விருது

கோழிகளின் பள்ளிக்கூடத்தில் கொண்டைச்சேவல்தான் தலைமையாசிரியர். வெள்ளிக்கிழமை தவறாமல் பெட்டைகளுக்குத் தன்னம்பிக்கை வகுப்பு எடுப்பார். "பெட்டைக்கோழி கூவினா பொழுது விடியாதுன்னு எந்த மடையன் சொன்னான்? வாயைத் திறங்க!" என்று கத்துவார். கத்திக் களைத்தவருக்குப் பெட்டைகள் புழு பொறுக்கி வந்து கொடுக்கும். அந்த நேரத்தில் சேவல் குஞ்சுகளுக்கு விளையாட்டு.

இதை மெய்யென்று நம்பித் தொலைத்தது புள்ளிக்கோழி ஒன்றுதான். தினமும் குப்பைமேட்டுக்குப் பின்னால் போய்க் கூவிக் கூவிப் பழகியது.

ஒரு விடியற்காலையில் மரநாய் புகுந்தது. தலைமையாசிரியர் கூரை உச்சிக்குப் பறந்து கண்ணை இறுக மூடிக்கொண்டார். புள்ளிதான் தோப்பே அதிரக் கூவியது. பெட்டைகள் அத்தனையும் விழித்துக்கொண்டு கொத்தப் பாய, மரநாய் பின்னங்கால் பிடரியில் பட ஓடியது.

சேவல் மெதுவாக இறங்கி வந்தார்.

"யாரைக் கேட்டுக் கூவினே?"

"நீங்கதானே ஐயா சொல்லிக் கொடுத்தீங்க?"

"அது ஆண்டு விழாவுக்கு! வான்கோழி ஐயா தலைமை தாங்க வரும்போது மேடையில கூவணும். பொழுதை விடிய வைக்க நான் இருக்கேன்."

அன்றே புள்ளியின் மேல் பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்து அடைத்தார்கள்.

ஆண்டு விழாவில் வான்கோழி ஐயா 'துணிச்சலான பெட்டை' விருதுக்குப் புள்ளியின் பெயரை வாசித்தார். பஞ்சாரத்தைத் தூக்க ஒருவரும் எழவில்லை. கொண்டைச்சேவலே மேடையேறி விருதை வாங்கிக்கொண்டு, பெட்டைகள் சார்பில் நன்றியும் கூவினார்.