எட்டாவது ஆள்

"மெர்சிடிஸ் மரியாதைக்கு, பி.எம்.டபிள்யூ. ஓட்டுற சுகத்துக்கு, லெக்ஸஸ் மாமனார் வீட்டுக்கு," என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார் ஒராஸ்பெக். ஷிம்கெண்ட் நகரத்துக் கார் சந்தையில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. கதவு சாத்தும் சத்தத்தை வைத்தே என்ன வண்டி என்று சொல்லிவிடுவார். அன்றைக்குத் தூங்காத கண்கள் சிவந்திருந்தாலும் வாய் ஓயவில்லை.

"உங்களைத்தான் தேடி வந்தேன் அண்ணே," என்றபடி எதிரே உட்கார்ந்த பெண் இன்ஸ்பெக்டர் அயகோஸ், உடைந்த முகப்பு விளக்குத் துண்டு ஒன்றை மேசைமேல் வைத்தாள். "நேத்து சாயங்காலம் பாலத்துகிட்ட ஒரு பள்ளிக்கூடப் பொண்ண அடிச்சுட்டு நிக்காமப் போயிட்டான். அவ இன்னும் கண்ணு முழிக்கல. இது எந்த வண்டியோடது?"

ஒராஸ்பெக் தேநீர்க் கிண்ணத்தை எடுத்தார், குடிக்காமலே வைத்தார்.

"தெரியலம்மா."

"உங்களுக்கா?"

"ஏதோ மட்டமான வண்டி. இந்த மாதிரி ஆயிரம் ஓடுது."

சுற்றியிருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அயகோஸ் துண்டை உறையில் போட்டாள்.

"காலையிலேர்ந்து ஏழு பேர்கிட்ட காட்டிட்டேன். ஏழு பேரும் பார்த்ததுமே சொல்லிட்டாங்க. ஊர்லயே அந்த வண்டி ஒண்ணுதானாம். போன மாசம் உங்க பையன் கல்யாணத்துல நீங்க அவனுக்கு அதைப் பரிசாக் கொடுத்தப்ப, நம்ம வழக்கப்படி அது மேல மிட்டாய் வாரி இறைச்சு வாழ்த்தினவங்களாம்."

ஒராஸ்பெக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

"வண்டிய ஒளிச்சது அவன் மட்டும்தானா, நீங்களும் சேர்ந்தாங்கிறதுதான் தெரியாம இருந்துச்சு," என்றபடி எழுந்தாள் அவள். "இப்பத் தெரிஞ்சிருச்சு. வாங்கண்ணே, போகலாம்."