கிளி போட்ட பட்டன்

எங்கள் பகுதிக் கிளிகள் வெளிநாட்டு ஜாதி. யார் வீட்டுக் கூண்டிலிருந்தோ தப்பிப் பெருகியவை. சாயங்காலமானால் மொட்டைமாடிக் கொடியில் உட்கார்ந்து காது கிழியக் கத்தும். நானும் நாத்தனாரும் துணி எடுத்தபடி வேடிக்கை பார்ப்போம்.

அன்று ஒரு கிளி என் காலடியில் வெள்ளைப் பட்டன் ஒன்றைப் போட்டது. துளைகளில் சிவப்பு நூல். என் கணவரைப் புதைத்தபோது போட்டுவிட்ட சட்டைக்கு, அவசரத்தில் வேறு நூல் கிடைக்காமல், சிவப்பு நூலில்தான் பட்டன் தைத்திருந்தேன்.

"அண்ணனோடதா இருக்காது அண்ணி. எங்கயாவது குப்பையில பொறுக்கியிருக்கும்," என்றாள் நாத்தனார்.

மறுநாள் நான் மட்டும் மாடியில் இருந்தேன். அதே கிளி ஒரு மஞ்சள் பட்டனைப் போட்டது. மகளின் கவுனில் இருப்பது. அதிலும் சிவப்பு நூல்.

கீழே ஓடினேன். மகள் அந்தக் கவுனோடு டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டன்கள் எல்லாம் மஞ்சள் நூலில் பத்திரமாக இருந்தன. யாரிடமும் சொல்லாமல் சிவப்பு நூல்கண்டைக் குப்பையில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது மகள் நாத்தனார் முன்னால் அசையாமல் நின்றிருந்தாள்.

"பட்டன் பிஞ்சிடுச்சும்மா. அத்தை தைச்சுட்டாங்க."

"நல்ல நூலைப் போய்க் குப்பையில போட்டிருக்கீங்களே அண்ணி," என்ற நாத்தனார், குனிந்து, சிவப்பு நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தாள்.