மேஜர் கேட்ட வீடு

கோட்டையில் மாலைக் கொம்பு ஊதுகிறது. நேற்று வந்திறங்கிய மேஜர் பிரூயட் என் வாசலில் நிற்கிறான். தோள்பட்டையில் மேஜர் பதவிக்கான தங்க இலைச் சின்னம் வெயிலில் மினுங்குகிறது. ராணுவப் பள்ளியில் அவன் குதிரையிலிருந்து விழும்போதெல்லாம் நான்தான் தூக்கிவிட்டேன். இன்று அவன் மேஜர், நான் இன்னும் கேப்டன். பதவியில் பெரியவன் கேட்டால் சின்னவன் வீட்டைக் காலி செய்ய வேண்டும், அதுதான் இங்கே வழக்கம். "வீட்டை நல்லாத்தான் வச்சிருக்கே, த்ரால். எனக்கு இதுவே போதும்," என்றபடி சன்னல் திரையைத் தடவுகிறான். "இது நான் தைச்சது," என்று என் மனைவி லவீனியா அதை வெடுக்கென்று இழுக்கிறாள். பித்தளை வளையங்கள் தரையில் உருள்கின்றன. "நாம எங்கங்க போறது?" என்று என்னைக் கேட்கிறாள். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிறேன். லெப்டினென்ட் கார்லிஸ் கைக்குழந்தையோடு திறக்கிறான். "வீட்டை நல்லாத்தான் வச்சிருக்கே, கார்லிஸ்," என்கிறேன்.