மருமகளுக்குச் செய்த மரியாதை

‘இந்தப் பெயரை என் பிள்ளை சுமக்கக் கூடாது.’

சொலோமியா காலையிலிருந்து மனதுக்குள் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“என்ன பிள்ளை, போனையே பார்த்துக்கொண்டிருக்கிறாய்? சம்மதம் எண்டதை அமத்தன்,” என்றார் மாமனார் குணசேகரம். மடியில் பேரன் அவருடைய கண்ணாடியைப் பிடுங்கப் பார்த்துக்கொண்டிருந்தான்.

டென்மார்க்கில் ஆறு மாதத்துக்குள் குழந்தைக்குப் பெயர் பதிந்துவிட வேண்டும். இன்னும் நான்கு நாள்தான் இருந்தது. கணவன் சுஜன் வேலைக்குப் போகுமுன் விண்ணப்பத்தை இணையத்தில் அனுப்பிவிட்டான். தாயும் தன் போனில் சம்மதம் கொடுத்தால்தான் பெயர் நிலைக்கும்.

பெயர், ஓஸ்தாப்.

“முறைப்படி பார்த்தா இவனுக்கு என்ர பேரைத்தான் வைக்கோணும்.”

“குணசேகரம் எண்டு வைச்சா டெனிஷ் ரீச்சர் பாவம். கூப்பிட்டு முடிக்க மணி அடிச்சிடும்,” என்றாள் மாமியார் விமலாதேவி, வெங்காயம் நறுக்கியபடி.

“நீ சும்மா இரப்பா. பிள்ளை, உனக்காகத்தான் விட்டுக் குடுத்தனான். உக்ரைன்ல சண்டை தொடங்கின நாளில இருந்து நீ அழாத நாளில்லை. உங்கட விடுதலைத் தலைவர்ர பேர் இந்த வீட்டில கேக்கட்டும் எண்டு நினைச்சன். யூரியூப்பில மூண்டு வீடியோ பார்த்தனான். என்ன மனிசன்! மண்ணுக்காக எல்லாத்தையும் விட்டவர்.”

“ஹிட்லரின்ர ஆமியோட சேர்ந்தவர், மாமா.”

“எதிரிக்கு எதிரி எண்டு சேர்ந்திருப்பார். பிறகு அவங்களே இவரைப் பிடிச்சு மறியல்ல போட்டவங்களெல்லே?”

“அது பிறகு. அதுக்கு முதல், நாப்பத்தொண்டில, ஒரு யூலை மாதம் இருந்தது.”

அவளுடைய தமிழ், ஐந்து வருடமாக ரண்டர்ஸ் நகரில் இந்தச் சமையலறையில் கற்றது. உப்பு, புளி, உறவு எல்லாவற்றுக்கும் சொல் இருந்தது. இதற்கு இல்லை. ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தாள்.

“அவற்ற ஆக்கள் வீடு வீடாப் போனவை. கையில பட்டியல். யூத ஆக்களின்ர பேர். அதை எழுதினது ஜெர்மன்காரர் இல்லை, அந்த ஊர்க்காரர். தையல்காரி, டொக்டர், அவற்ற ரெண்டு சின்னப் பிள்ளையள்... எல்லாரையும் காட்டுக்குக் கொண்டு போனவை. பட்டியலுக்குக் கீழ கையெழுத்து வைச்சது ஓஸ்தாப்.”

கத்தி நின்றது.

“வீடியோவில அப்பிடி ஒண்டும் சொல்லேல்லையே,” என்றார் குணசேகரம். “போராட்டம் எண்டு வந்தா, பிள்ளை, சில நேரம்...”

“என்னப்பா சில நேரம்?” விமலாதேவி திரும்பினாள். “எண்பத்து மூண்டில கொழும்பு வெள்ளவத்தையில தமிழரைத் தேடி எங்கட வீட்டுக்கு வந்தவங்களும் பட்டியலோடதான் வந்தவங்கள். அதுவும் யூலைதான். மறந்து போச்சோ?”

அவர் பேரனின் விரல்களிலிருந்து கண்ணாடியை மெல்ல விடுவித்து மேசையில் வைத்தார்.

சொலோமியா அந்தக் கையைப் பார்த்தாள். சுஜனிடம்கூடச் சொல்லாத ஒன்றை இப்போதே சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். சொன்னால் இந்த வீடு தன்னை எப்படிப் பார்க்கும்? ‘பிள்ளை’ என்று கூப்பிடுவார்களா?

குணசேகரம் கேட்டார். “அந்தப் பட்டியலில... உன்ர ஆக்களும் இருந்தவையோ?”

அவள் வாய் திறக்கவில்லை.

“ஐயோ கடவுளே,” என்றாள் விமலாதேவி. வெங்காயக் கையோடு வந்து மருமகளின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். “இவ்வளவு நாளும் இதை மனசில வைச்சுக்கொண்டே இருந்தனி?”

அந்தச் சூட்டில் அப்படியே இருந்துவிடலாம் போலிருந்தது. மௌனமே போதும், மீதியை அவர்களே நிரப்பிக்கொள்வார்கள்.

“மன்னிச்சுக்கொள்ளு பிள்ளை. மரியாதை செய்யிறன் எண்டு நினைச்சு உன்ர புண்ணில கையை வைச்சிட்டன்,” என்றார் குணசேகரம். கண் கலங்கியிருந்தது. “சுஜனுக்கு நானே சொல்லுறன், உன்ர சனத்தைக் கொன்றவன்ர பேர் இது எண்டு. வேற ஒண்டும் நீ சொல்லத் தேவையில்லை. ஓம் எண்டு மட்டும் சொல்லு, போதும்.”

சொலோமியா மாமியாரின் கைகளை விலக்கி நிமிர்ந்தாள். போனை எடுத்து, ‘சம்மதமில்லை’ என்ற இடத்தை அழுத்தினாள். பிறகு மாமனாரை நேராகப் பார்த்தாள்.

“இல்லை மாமா. அந்தப் பட்டியலில எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லை,” என்றாள் தாழ்ந்த குரலில். “அதில கையெழுத்து வைச்ச ஓஸ்தாப், என்ர அம்மாவைத் தூக்கி வளர்த்த அவவின்ர தாத்தா.”