முப்பது வருஷ பாட்டில்

பழைய பிரெஞ்சு ஒயினில் ஐஸ் கட்டி போட்டுக் குடிக்கிற ஆளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். ஒரே மேஜையில், எனக்கு எதிர் நாற்காலியில்.

புல்டோசர் என்பது அவனுக்குக் காலேஜில் நாங்கள் வைத்த பெயர். எது எதிரே வந்தாலும் வழித்து உள்ளே தள்ளுவான். இப்போது லாரி ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். விருந்துக்கு வந்த கையிலும் நகத்திடுக்கில் கிரீஸ்.

விருந்து கொடுத்தவன் எங்கள் சிநேகிதன் கப்பல்காரன். கப்பலில் இன்ஜினீயராக உலகம் சுற்றி ஓய்வு பெற்றவன். ரெஸ்டாரண்டில் சொல்லி வைத்து, வீட்டிலிருந்தே இரண்டு பிரெஞ்சு பாட்டில் கொண்டுவந்திருந்தான். ஒன்று அவன் வாங்கியது, இருபது வருஷம். இன்னொன்று அவன் மனைவி வாங்கியது, முப்பது வருஷம்.

கல்யாணமான புதிதில் அவனோடு கப்பலில் போனபோது, ஏதோ ஒரு துறைமுகத்துக் கடையில் அவளே பார்த்துப் பார்த்து எடுத்தாளாம். முப்பதாவது கல்யாண நாளில்தான் திறக்கணும் என்று அலமாரியில் வைத்துப் பூட்டினாளாம். இன்றைக்கு அந்த நாள். அவள்தான் இல்லை. போய் எட்டு மாசம் ஆகிறது.

"அவ எடுத்தது நல்லா இருந்துச்சுன்னு தெரிஞ்சா போதும்டா எனக்கு," என்று காலையிலிருந்து நாலு தடவை போன் பண்ணிவிட்டான்.

என்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வான்? டைல்ஸ் வியாபாரிதான் நான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஒயின் ருசி பார்க்க ஆறு வாரம் வகுப்புக்குப் போய் வாங்கிய சர்டிபிகேட்டை ஷோரூமில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். இந்தக் கூட்டத்தில் விஷயம் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான்.

முதல் பாட்டிலை நானே ருசி பார்த்தேன். கிளாசைச் சுழற்றி, மோந்து, நாக்கில் உருட்டி, நல்ல சரக்கு என்று சொன்னேன். புல்டோசர் அதில்தான் ஐஸ் கட்டியைப் போட்டு, மாத்திரை முழுங்குகிற மாதிரி ஒரே மடக்கில் முழுங்கினான். என்ன செய்ய, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அடுத்தது அந்த முப்பது வருஷ பாட்டில். ஒருத்தர் ஒரு மிடறு குடித்துப் பார்த்து, சரி என்ற பிறகுதான் மற்றவர்களுக்கு ஊற்றுவது வழக்கம். நான் கையை நீட்டினேன். கப்பல்காரன் கிளாசை புல்டோசரிடம் கொடுத்தான்.

அவள் படுத்திருந்த மூணு மாசமும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்க் கூட்டி வந்தது இவன்தானாம். இருக்கட்டுமே, அதற்கு ஒரு சட்டை எடுத்துக் கொடுக்கலாம். ஒயினுக்கும் ஆஸ்பத்திரிக்கும் என்ன சம்பந்தம்?

புல்டோசர் ஒரு வாய் குடித்தான். பாட்டிலைத் தூக்கி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தான். பிறகு, தக்கை உடைந்து உள்ளே தூளாய்க் கிடக்கிறது, வடிகட்டிக்கொண்டு வருகிறேன் என்று பாட்டிலைத் தூக்கிக்கொண்டு சர்வரோடு உள்ளே போய்விட்டான்.

திரும்பி வந்தபோது ஒரு கையில் எங்களுக்கு ஒரு கண்ணாடி ஜக். இன்னொரு கையில், அட பாவி, விளிம்பு வரைக்கும் நிரப்பிய பெரிய பீர் மக்.

அடியில் நின்ற கசடாம். தனக்கு அது போதுமாம். கசடு ஒரு மக் நிறையவா வரும்? என் வயிறு எரிந்தது. கப்பல்காரன் முகத்துக்காகப் பேசாமல் இருந்தேன்.

ஜக்கிலிருந்து எனக்கு ஊற்றியதும் எல்லாம் மறந்துபோயிற்று. ஈர மண் வாசனை, பழைய தோல் பை வாசனை, கடைசியில் லேசாகக் காய்ந்த திராட்சை என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னேன். முதல் பாட்டில் இதற்குக் கால்தூசி பெறாது, முப்பது வருஷம் காத்திருந்தால்தான் இப்படி வரும் என்றேன்.

கப்பல்காரன் கிளாசைக் கீழே வைக்கவே இல்லை. கண் கலங்கிவிட்டது. "அவளுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு அன்னைக்குக் கிண்டல் பண்ணேன்டா," என்றான்.

புல்டோசர் அதைக் கவனித்தானா? மூஞ்சியைச் சுளித்துச் சுளித்து மக்கைக் காலி பண்ணுவதிலேயே குறியாக இருந்தான். முடித்ததும் எழுந்து கை கழுவப் போனான். நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று நானும் பின்னாலேயே போனேன்.

வாஷ்பேசினைப் பிடித்துக் குனிந்து நின்று வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தான்.

"வெட்கமா இல்லையாடா?" என்றேன். "செத்துப்போனவ ஆசையா வெச்சுட்டுப் போனது. ஓசின்னா ஒரு மக் நிறைய ஊத்திக்குவியா?"

அவன் பதில் சொல்வதற்குள் சர்வர் ஒரு சோடாவோடு ஓடி வந்தான். "இதைக் குடிங்க சார். சிங்க்ல கொட்டிடுங்கன்னு அப்பவே சொன்னேன். அது எப்பவோ கெட்டு வினிகராப் போச்சு. அவ்வளவையும் குடிச்சா வயிறு என்னத்துக்கு ஆகும்?"

"தங்கச்சி ஆசையா எடுத்து வெச்சதுப்பா. சிங்க்ல கொட்ட மனசு வரல," என்றான் புல்டோசர்.

"அப்ப ஜக்ல இருந்தது?" என்று சர்வரிடம் கேட்டேன்.

"இங்கே கிளாஸ் கணக்குல விக்கிறது சார். போன வருஷத்துச் சரக்கு."

சர்வர் போனதும் புல்டோசர் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் தோளில் கை போட்டான்.

"உன் மூக்குக்கா தெரியாது? எங்கே நீ அவன்கிட்ட உடைச்சிடுவியோன்னு பயந்துகிட்டே உட்கார்ந்திருந்தேன். அவனுக்காக ஈர மண்ணு, தோல் பைன்னு எப்படியெல்லாம் புளுகினே. பெரிய மனசுடா உனக்கு."

"சிநேகிதனுக்கு இதுகூடச் செய்யலேன்னா எப்படிடா," என்றேன் நான்.