குடும்பத்தில் யாருக்காவது

டொக்டர் ரிஸ்னா ஈசிஜி தாளை மூன்றாவது தடவையாக ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

பிரியந்திக்குப் பொறுமை போயே போய்விட்டது. மேசையில் கிடந்த படிவத்தைப் பிடுங்கி, தானே கையெழுத்தைக் கிறுக்கிக்கொண்டு ஓடிவிடலாமா என்றிருந்தது.

காலை ஆறரைக்கு நோர்வூட்டில் பஸ் ஏறியிருந்தாள். ஹட்டனில் இந்தக் கிளினிக் வாங்குப் பலகையில் மூன்று மணி நேரம் காத்திருந்தாகிவிட்டது. பன்னிரண்டு மணிக்குக் கொழும்பு பஸ். நாளைக் காலையில் ஐயாயிரம் மீட்டர் தேர்வு ஓட்டம். முதல் மூன்று பேருக்குத் தேசிய அணியில் இடம்.

‘இதயம் நன்றாக இருக்கிறது’ என்று டொக்டர் கையெழுத்துப் போட்ட படிவம் இல்லாமல் மைதானத்துக்குள் கால் வைக்க முடியாது.

பயிற்சியாளர் ஜீவராஜ் சேர் ஐந்து முறை போன் அடித்துவிட்டார். ஐந்து முறையும் ஒரே கேள்விதான். “போட்டாங்களா?”

போட்டால்தானே!

முதலில் நாடித் துடிப்பில் பிடித்துக்கொண்டார்கள். நிமிடத்துக்கு நாற்பத்து நான்கு. நர்ஸ் பயந்துபோய் இரண்டு தரம் எண்ணினாள்.

டொக்டர் பயப்படவில்லை. “தூர ஓட்டம் ஓடுறவங்களுக்கு இதயம் நிதானமாத்தான் அடிக்கும். ஒரே அடியில நிறைய இரத்தத்தைத் தள்ளிடும். இரத்தக் குழாயும் நல்லா விரிஞ்சு குடுக்கும். இது நல்லதுதான்” என்றார்.

நல்லதென்றால் கையெழுத்தைப் போட வேண்டியதுதானே? இல்லை. அடுத்ததாக இதயச் சுவரில் பிடித்துக்கொண்டார். கொஞ்சம் தடித்திருப்பது போலத் தெரிகிறதாம். ஓடி ஓடியும் தடிக்குமாம். பரம்பரை நோயாலும் தடிக்குமாம். இந்தத் தாளை மட்டும் வைத்து எதுவென்று சொல்ல முடியாதாம்.

சொல்ல முடியாததற்கு எதற்கு ஒரு மெஷின்?

“குடும்பத்தில யாருக்காவது இதய நோய் இருக்கா?”

“இல்ல டொக்டர்.”

“யோசிச்சுச் சொல்லுங்க.”

“இல்ல டொக்டர்.” இதில் யோசிக்க என்ன இருக்கிறது? சுவர்க் கடிகாரம் பதினொன்றேகாலைத் தாண்டிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் அம்மா வீரம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். வாங்கில் இருந்த அத்தனை நோயாளிகளிடமும் மகள் நாட்டுக்காக ஓடப்போகிற கதையைச் சொல்லி முடித்துவிட்டு வந்தவள். இந்தக் கேள்வி அவளுடைய வீட்டு மானத்தையே தொட்டுவிட்டது.

“எங்க வூட்டுல சீனி வியாதி கூடக் கெடையாதுங்க டொக்டரம்மா. மல ஏறி எறங்குற சனத்துக்கு இருதய நோவு எங்கருந்து வரும்? அதெல்லாம் கார்ல போறவுங்களுக்கு.”

“அம்மா, நீ சும்மா இரேன்.”

“நீ சும்மா இருடி. ஒனக்கு மூள காலுலதான் இருக்கு.”

டொக்டர் சிரித்துவிட்டார். படிவத்தை இழுத்து வைத்துக்கொண்டு பேனா மூடியைக் கழற்றினார். பிரியந்தி நாற்காலி விளிம்புக்கு வந்துவிட்டாள்.

“இவங்க அப்பா என்ன செய்றார்?” என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டார்.

“அவரு இல்லைங்க. இவளுக்கு நாலு வயசா இருக்கயில முனி அடிச்சிருச்சு.”

பேனா நின்றது.

தேயிலைத் தோட்டத்தில் இதை யாரும் யாருக்கும் விளக்குவதில்லை. உச்சி நேரத்தில் முனி நடக்கிற பாதையில் குறுக்கே போய்விட்டால், திடகாத்திரமான ஆள்கூட அப்படியே விழுவான். காரணம் தெரிந்த சாவுக்கு டொக்டர் எதற்கு? பொழுது சாய்வதற்குள் அடக்கம் பண்ணிவிடுவார்கள்.

“எங்க வச்சு?”

“மலையிலதாங்க. தேயிலச் செடிக்கு வாது வெட்டிக்கிட்டு இருந்தாரு. கத்தியோட குப்புற விழுந்துட்டாரு. முப்பத்தாறு வயசு.”

“வேற யாரையாவது அடிச்சிருக்கா?”

வீரம்மா மேசைமேல் கையை விரித்து விரல் மடக்கத் தொடங்கினாள். புருஷன் ஒன்று. விறகுக் கட்டோடு ஏற்றம் ஏறிய கொழுந்தன் இரண்டு. திருவிழாவில் தேர் இழுத்த மாமனார் மூன்று.

“அந்தக் குடும்பத்து மேல முனிக்கு ஒரு கண்ணுங்க.”

“மூணு பேரும் மூச்சுப் பிடிச்சு வேலை செய்யும்போது” என்றார் டொக்டர், மெதுவாக. பேனாவை மூடி வைத்தார்.

பிரியந்திக்கு ஆத்திரம் தலைக்கேறியது. இன்னும் ஒரு நிமிடம் அம்மா வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை முடிந்திருக்கும். “முனிக்கும் என் ஓட்டத்துக்கும் என்னங்க டொக்டர் சம்பந்தம்? பஸ் போயிரும்!”

வீரம்மா இதையெல்லாம் காதில் வாங்கவில்லை. அவளுக்குப் பேச ஆள் கிடைத்துவிட்டது.

“இவ அப்பாவ ஒரேயடியா அடிக்கலைங்க. முந்தின வாரமே ஒருக்கா தொட்டுட்டுப் போயிருக்கு. கண்ணு இருட்டி விழுந்து, தானா எந்திரிச்சிருக்காரு. கூட நின்ன ஆளு பொறகுதான் சொன்னான். எங்கிட்ட மூச்சு விடல. சொன்னா மலைக்கு விடமாட்டேன்னு பயம். எந்திரிச்சு, மிச்சச் செடியையும் வெட்டி முடிச்சிட்டுத்தான் வந்தாராம், மனுசன்.”

மேசைமேல் போன் அதிர்ந்தது. ஜீவராஜ் சேர்.

பிரியந்தி எடுக்கவில்லை.

அது அதிர்ந்து அதிர்ந்து ஓய்ந்தது. டொக்டர் காத்திருந்தார். அம்மாவின் கை மூன்று விரல் மடங்கியபடியே மேசைமேல் கிடந்தது.

பிரியந்தி அந்தக் கையைப் பிடித்து நான்காவது விரலை மடக்கினாள்.

“போன செவ்வாக்கெழம. கிரவுண்டுல, எட்டாவது ரவுண்டு” என்றாள், யார் முகத்தையும் பார்க்காமல். “முழிச்சுப் பாத்தா வாயெல்லாம் புல்லு. துப்பிட்டு, மிச்ச ரவுண்டையும் ஓடி முடிச்சேன்.”